பசுமை என்னும் சாட்சியம்: வடசென்னையின் வாழ்க்கைத்தர வரைபடங்களில் எண்ணூர்க் கழிமுகம்

செயற்கைக்கோள் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகரத்தின் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வாழ்க்கைத்தர மதிப்பெண் வழங்கும் ஆய்வுமுறை நம் நாட்டில் வேரூன்றி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. அம்முறையின் பயனைக் குறைத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நகரத்தின் சராசரிக்குள் மறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வுகளை வெளிக்கொணர அதனினும் விரைவான கருவி வேறில்லை. மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அலுவல்கள் அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வாழ்வதற்கு எளிய நகரங்களின் பட்டியலில், 10 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களுள் சென்னை 4-ஆம் இடம் பெற்றபோது, அந்தப் பெருமையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் எவ்வளவு பங்கு என்று கேட்பதற்கான வழியை இத்தகைய வார்டுவாரி வரைபடங்களே தருகின்றன. ஆயினும், எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரங்களில் காணப்படும் பசுமையைச் சூழல் நலத்தின் அடையாளமாகக் கொண்டு மதிப்பெண் கூட்டும் வாசிப்பு பிழையானது என்பதும், அப்பிழை கணக்கிடுவோரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று, நீர்ப்பரப்பை வாழ்விடமாகக் கருதாத ஒரு பூர்வாங்கத் தீர்மானத்திலிருந்து தவிர்க்கவியலாதபடி விளைவது என்பதுமே இங்கு நிலைநாட்டக் கருதும் செய்தி.

முந்தைய ஆய்வுமரபின் கணக்குமுறை துறையினர் அறிந்ததே. செயற்கைக்கோள் படத்திலிருந்து தாவரச் செறிவைக் கணிக்கும் பசுமைக் குறியீடு உயர்ந்தால் மதிப்பெண் கூடும். நிலமேற்பரப்பின் வெப்பநிலையும், மக்கள் நெருக்கமும், கட்டடங்கள் மூடிய பரப்பின் விகிதமும் உயர்ந்தால் மதிப்பெண் குறையும். குடிநீர், கழிப்பறை, மின்சாரம் போன்ற வசதிகள் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துச் சேர்க்கப்படும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடப்படும் ஒரு படி உண்டு. நீர்நிலைகளின் பசுமைக் குறியீடு பூஜ்யத்துக்குக் கீழே போவதாலும், அவற்றின் வெப்பநிலை நிலத்தினின்று மாறுபடுவதாலும், அவை சராசரியைக் குலைத்துவிடும் என்று கருதி, நீர்ப்பரப்பு முழுவதையும் முதலிலேயே கணக்கிலிருந்து விலக்கிவிடுவர். தொழில்நுட்ப ஒழுங்கு என்ற அளவில் இதில் ஆட்சேபிக்க ஏதுமில்லை. உள்நாட்டு நகரம் ஒன்றுக்கு இதனால் பெருந்தீங்கும் விளையாது. ஆனால் கொசஸ்தலை ஆறும், பக்கிங்காம் கால்வாயும், பழவேற்காடு ஏரியின் தென்கரம்போல் நீண்டு வரும் உவர்நீர்ப் பரப்பும் ஒன்றுகூடிக் கடலை அடைகிற ஒரு பிரதேசத்தில், அந்த நீரே நிலமாக மாற்றப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், இந்தப் படி என்ன செய்கிறது என்பதைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

தெளிவின்பொருட்டு ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். அதில் 100 படப்புள்ளிகள். 60 நிலம், 40 நீர். நிலத்தின் சராசரிப் பசுமைக் குறியீடு 0.20 என்றும், நீரின் குறியீடு எதிர்மறையாக 0.20 என்றும் வைத்துக்கொள்ளலாம். நீரை விலக்கிக் கணக்கிட்டால் வார்டின் சராசரி 0.20 ஆகும். இனி அந்த நீர்ப்பரப்பில் சரிபாதி, அதாவது 20 புள்ளிகள், சாம்பலால் தூர்ந்து மேடாகின்றன என்று கொள்வோம். வெற்றுச் சாம்பலின் குறியீட்டை 0.05 எனக் கொண்டால், புதிய நிலமும் கணக்கில் சேர்ந்து, சராசரி ஏறத்தாழ 0.16 ஆகத் தாழ்கிறது. ஆனால் அம்மேட்டில் சில ஆண்டுகளில் முட்புதர் மண்டி அதன் குறியீடு 0.40-ஐ எட்டும்போது வார்டின் சராசரி 0.25 ஆக உயர்ந்துவிடுகிறது. கழிமுகம் உயிரோடு இருந்தபோது 0.20 பெற்ற வார்டு, அதில் பாதி அழிந்தபின் 0.25 பெறுகிறது. நீரை விலக்காமல் கணக்கிட்டாலோ நிலைமை இன்னும் விபரீதமாகிறது: தொடக்கத்தில் 0.04, சாம்பல் கொட்டியவுடன் 0.09, புதர் மண்டியபின் 0.16 என்று ஒவ்வொரு படியிலும் ஏற்றமே தெரிகிறது. இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்; எந்த வார்டின் அளவீடும் அல்ல. எனினும் எண்களை இயல்பான எல்லைக்குள் எப்படி மாற்றிப் பார்த்தாலும், நீரினும் வார்டின் பழைய நிலத்தினும் புதர் பசுமையானது என்ற அடிப்படை இருக்கும்வரை முடிவின் திசை மாறுவதில்லை.

பசுமை ஒன்றோடு இது நிற்கவுமில்லை. மக்கள் நெருக்கத்தை நிலப்பரப்பால் வகுத்துக் கணக்கிடும் ஆய்வுகளில், 60 புள்ளிகளாக இருந்த நிலம் 80 புள்ளிகளாகும்போது, ஒரு குடும்பம்கூட இடம்பெயராமலே நெருக்கம் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கட்டடங்கள் 30 புள்ளிகளை மூடியிருந்தால், அவற்றின் விகிதம் 50 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதமாக இறங்குகிறது. தலைக்கு இவ்வளவு திறந்தவெளி என்ற கணக்கும் அதற்கேற்பப் பெருகுகிறது. ஆக, தனித்தனி ஆதாரங்களாக நாம் நம்பியிருக்கும் குறியீடுகள் மூன்றும் நான்கும் ஒரே அழிவினால் ஒருங்கே முன்னேற்றம் காட்டுகின்றன. பல குறியீடுகளைச் சில பொதுக் கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு அவற்றை உட்படுத்தினால், ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் சாட்சிகளாக அவை ஒரே கூற்றில் வந்து நிற்கும். அந்த ஒருமிப்பையே முடிவின் நம்பகத்துக்குப் பிரமாணமாகக் காட்டவும் நேரும். சாட்சிகள் பலர் ஒரே மாதிரி சொல்வது அவர்கள் சொல்வது உண்மை என்பதற்கு அடையாளமாகலாம்; அவர்கள் ஒரே இடத்திலிருந்து பார்த்தார்கள் என்பதற்கும் அதுவே அடையாளமாகலாம்.

இந்தப் பசுமை எது, எதன்மேல் வளர்ந்தது என்பதைச் சிறிது அருகே சென்று நோக்குவோம். வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பலைக் கடல்நீரோடு கலந்து குழம்பாக்கி, ஆற்றின் குறுக்கே செல்லும் குழாய்களின் வழியே செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குட்டைக்குக் கொண்டுசெல்வது 1990-களின் நடுப்பகுதி தொடங்கி நடந்துவரும் வழக்கம். அக்குழாய்கள் துருப்பிடித்து உடைந்து, குழம்பு ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் கழிவெளியிலும் ஒழுகிப் படிந்தது யாவரும் அறிந்த செய்தி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் அளித்த தீர்ப்பு வரை அது குறித்த வழக்கு நீண்டது. முழங்காலளவு நீரோடிய இடங்கள் சாம்பல் படிந்து திட்டுகளாயின. துறைமுகங்களும் ஆலைகளும் தங்கள் வளாகங்களுக்காக மணல் கொட்டி மேடாக்கிய பரப்புகளும் அவற்றோடு சேர்ந்தன. அலையேற்றத்தின் நீர் எட்டாதபடி உயர்ந்துவிட்ட இத்தகைய மேடுகளில் முதலில் வேர்பிடிப்பது சீமைக்கருவேலம். உவர்மண்ணும் வறட்சியும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்பதால், செயற்கைக்கோளின் கண்ணுக்கு அது ஒரு நல்ல சோலையாகவே தோன்றுகிறது. எந்த மரத்தை வேரோடு அகற்ற வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் மாவட்டம் மாவட்டமாக உத்தரவிட்டதோ, அதே மரம் எண்ணூரில் வாழ்க்கைத்தரத்தின் நற்சான்றாக மதிப்பெண் பெறுகிறது. சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு அம்மரத்தால் சிறு உதவி உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவியை அளப்பதற்காகவா பசுமைக் குறியீடு அங்கே வைக்கப்பட்டது? நிழல், தூய காற்று, உலவ ஒரு வெளி ஆகியவற்றின் பிரதிநிதியாகவே அது சேர்க்கப்பட்டது. முள்வேலிக்கும் ஆலை மதிலுக்கும் நடுவே, காற்றடித்தால் சாம்பல் பறக்கும் மேட்டில், அம்மூன்றில் ஒன்றும் இல்லை.

வெப்பநிலைக் குறியீடு இப்பிழையைத் திருத்திவிடாதா என்று கேட்கலாம். இது தக்க கேள்வியே. வெற்றுச் சாம்பல் மேடு வெயிலில் காய்வதால், அது நிலமாகக் கணக்கில் சேர்ந்தவுடன் வார்டின் சராசரி வெப்பம் உயரும். மதிப்பெண்ணும் அந்த அளவுக்குத் தாழும். ஆனால் புதர் மூடியவுடன் அந்தச் சாட்சியும் மௌனமாகிவிடுகிறது. மேலும், அவ்விடம் முன்பு நீராக இருந்து எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதற்கான பதிவை நாமே விலக்கிவிட்டமையால், ஒப்புநோக்க முன்னிலை என்பதே இல்லாமற்போகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் சென்னையைக் கடப்பது முற்பகல் பத்து மணியை ஒட்டிய நேரத்தில். அவற்றின் வெப்பக் கருவி ஒரே பார்வையில் காணும் சதுரம் 100 மீட்டர் பக்கமுடையது. கடற்காற்றின் அண்மையால் அந்நேரத்தில் மிதமாகத் தோன்றும் இராயபுரத்துக் குடியிருப்புகளில், தகரக் கூரையின்கீழ் பிற்பகலும் இரவும் எவ்வாறு கழிகின்றன என்பதை அந்தச் சதுரம் சொல்லாது. இந்த விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சுட்டி அமைகிறேன்.

நீர்ப்பரப்பை விலக்குவது வெறும் கணக்கு வசதிக்காக எடுத்த நடுநிலையான முடிவு என்று சொல்வோர், எண்ணூரின் வரைபட வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்கீழ்த் தமிழ்நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்டு 1996-இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தில், எண்ணூரிலிருந்து பழவேற்காடு நோக்கிச் செல்லும் கழிமுகம் பாதுகாக்கப்பட வேண்டிய அலையேற்ற நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கடற்கரை வள மையம் என்ற அமைப்பினர் வெளிக்கொணர்ந்த மற்றொரு வரைபடத்தில் அக்கழிமுகமே காணப்படவில்லை. அவ்வாறு காணாமற்போன பரப்பு ஏறத்தாழ 6,500 ஏக்கர் என்று அவர்கள் கணக்கிட்டனர். எந்த வரைபடம் சட்டப்படி செல்லும் என்ற வழக்கினுள் நுழைவது என் நோக்கமன்று. அளவை மட்டும் நம் துறையின் மொழியில் பெயர்த்துப் பார்ப்போம். 6,500 ஏக்கர் என்பது சுமார் 26 சதுர கிலோமீட்டர். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் படப்புள்ளிகளில் ஏறத்தாழ 29,000. சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பான 426 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் பதினாறில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய பரப்பு ஓர் அலுவலகத்தின் தாளில் இல்லாமற்போனதை நாடு ஓர் அநீதியாகக் கண்டு வியந்தது. அதே பரப்பு நம் ஆய்வுகளில், நீரை விலக்கும் ஒரு கணினிக் கட்டளை வரியின் பயனாக, ஒவ்வொரு முறையும் இல்லாமற்போகிறது, யாரும் வியப்பதில்லை. உள்நோக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நான் உறுதியாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவில் அவை ஒன்றே: நீர் என்று பதியப்படாத இடத்தை நிலமாக்கினால், இழப்பு என்று எழுத யாருக்கும் ஆதாரம் இராது.

நீரை விலக்கும் கட்டளைக்கும் முன்பாகவே எல்லைக்கோடு இதே வேலையைச் செய்துவிடுகிறது. 2011 அக்டோபரில் மாநகராட்சி விரிவடைந்து திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் அதனுள் சேர்ந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அவற்றைத் தனி நகராட்சிகளாகவே எண்ணியிருந்தது. ஆகவே பழைய 155 வார்டுகளை மட்டும் கொண்டு செய்த ஆய்வுகளில் தொழிற்பட்டையின் பெரும்பகுதி இடம்பெறவேயில்லை. புதிய 200 வார்டுகளைக் கொண்டு செய்தவற்றில் பழைய விவரங்களைப் பங்கிட்டுப் பொருத்த வேண்டியதாயிற்று. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அந்தப் பங்கீடே இன்றுவரை வழக்கில் நிற்கிறது. இதனினும் முக்கியமானது வேறொன்று. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் வீடுகள் மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் உள்ளன. அவ்வூரார் வலைபோடும் நீரில் பெரும்பகுதியோ ஆற்றுக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் கிடக்கிறது. வீடு ஒரு மாவட்டம், ஜீவனம் இன்னொரு மாவட்டம். மாநகர எல்லையில் வெட்டி எடுத்த வரைபடம், அம்மக்களின் குழாயையும் கழிப்பறையையும் எண்ணிக்கொண்டு, அவர்களுடைய உழவு நிலத்துக்கு ஒப்பான நீரை வெளியே தள்ளிவிடுகிறது. மேலே கண்ட கற்பனைக் கணக்கு, கழிமுகத்தின் ஒரு பகுதி வார்டுக்குள் அடங்கும் இடங்களுக்கும், மீஞ்சூரையும் உள்ளடக்கி 2022 வரை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளுக்கும் பொருந்துவது. ஏனையவற்றில் பொய்யான ஏற்றம்கூட இராது. வெறும் இன்மையே இருக்கும்.

இனி, அந்த நீரில் நடக்கும் வாழ்வை ஓர் உதாரணத்தால் காண்போம். வலையோ படகோ இல்லாத ஏழைப் பெண்களும் இருளர் குடும்பத்தினரும், இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கையும் நீருக்குள் இருக்க, அகப்பட்ட இறாலை ஒவ்வொன்றாக அதனுள் இடுவர். இத்தொழிலுக்கு முதல் வேண்டியதில்லை; வேண்டியது ஆழம் குறைந்த, மென்மையான சேறும், அலையேற்றம் இறங்கும் வேளை பற்றிய அறிவுமே. சிறிது சாம்பல் படிந்தால் சேறு இறுகுகிறது. மேலும் படிந்தால் இறால் தங்குவதில்லை. அதற்குமேல் படிந்தால் அவ்விடம் திட்டாகிவிடுகிறது. அப்போதுதான் நமது வரைபடம் முதன்முறையாக அதைக் காண்கிறது. காணும்போதே அதை ஆதாயமாக எழுதிக்கொள்கிறது. அப்பெண் எத்தனை ஆண்டுகள் அங்கே நின்று தன் குழந்தைகளுக்குச் சோறு தேடினாள் என்பது, படப்புள்ளி நீராக இருந்த காலம் முழுவதும், எந்தக் குறியீட்டிலும் ஏறவில்லை.

வடக்கே பழவேற்காட்டு ஏரியில் வழங்கும் பாடு முறையையும் இங்கே நினைக்கலாம். இறால் படும் இடங்களைப் பாடுகளாக வகுத்து, ஊரின் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்து, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிட வேண்டும் என்று நிர்ணயிப்பது அந்த முறை. நீர் என்பது எல்லையற்ற, உரியவரற்ற வெறும் பரப்பு என்ற எண்ணத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொரு துறைக்கும் பெயருண்டு, முறையுண்டு, காலமுண்டு. இடத்தோடு காலத்தையும் ஒரு பண்பாகச் சேர்த்துப் பதியும் ஆற்றல் இன்றைய புவித்தகவல் மென்பொருள்களுக்கு உண்டு. கருவிக்கு இயலாதது அன்று இது, நாம் கேளாதது.

வடசென்னையின் தென்கோடியிலும் இதே கதையின் வேறொரு வடிவம் தெரிகிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த நாள் தொட்டு, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, மெரினாவில் கரை அகன்றது; இராயபுரம் தொடங்கி வடக்கே கரை தேய்ந்தது. கருங்கல் கொட்டியும் தூண்டில் வளைவுகள் அமைத்தும் எஞ்சிய கரை காக்கப்படுகிறது. மீன் உலர்த்தவும் வலை பின்னவும் கட்டுமரம் ஏற்றவும் பயன்பட்ட அந்த மணற்பரப்பு கடலானபின், இன்றைய எல்லைக்கோட்டை வைத்துத் தொடங்கும் ஆய்வில் அது ஒருபோதும் இருந்ததில்லை. எண்ணூரில் நீர் நிலமாவது ஆதாயம் என்று பதிவாகிறது. இராயபுரத்தில் நிலம் நீராவது பதிவாவதே இல்லை. இரண்டிடத்தும் இழந்தவர் கரையோர மக்களே.

எதிர்பார்க்கத்தக்க ஆட்சேபங்களுள் இரண்டுக்குச் சுருக்கமாகச் சமாதானம் சொல்லலாம். எண்ணூர் ஒரு விதிவிலக்கு, அதற்காக முறையையே திருத்துவதா என்பது முதலாவது. சதுப்பு நிலத்தின் நடுவே பெருங்குடிக் குப்பைமேடு எழுந்துநிற்கும் பள்ளிக்கரணை தென்சென்னையிலேயே இருக்கும்போது, இந்த ஆட்சேபம் நெடுநேரம் நிற்காது. மீனவர் வாக்குமூலங்களைச் சேர்த்தால் ஆய்வின் புறவயத்தன்மை கெடும் என்பது இரண்டாவது. 1889-இல் லண்டனின் வறுமையைத் தெருத்தெருவாக வண்ணமிட்டுக் காட்டிய சார்லஸ் பூத், வீடுவீடாகச் சென்றுவந்த பள்ளி வாரியத்து அலுவலர்களின் அனுபவ அறிவைக் கேட்டெழுதியே தம் வரைபடத்தை அமைத்தார். நம் துறையின் மூதாதையாக அதைப் போற்றுவோர், அதன் ஆதாரமுறையை மட்டும் அகவயம் என்று தள்ளுவது பொருந்தாது. மதிப்பெண்ணில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய எடையைத் தீர்மானிக்கும்போது நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு எண்ணாக்குகிறோமே, அது அகவயம் அல்லவா?

ஆகவே மூன்று திருத்தங்களைத் துறையின் பரிசீலனைக்கு வைக்கிறேன். முதலாவது, நீரை விலக்குமுன் அதன் வரலாற்றைப் பதிய வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் லேண்ட்சாட் பதிவுகளைக் கொண்டு, 1984 முதல் உலகின் எந்தப் படப்புள்ளி எக்காலத்தில் நீராக இருந்தது என்பதைத் தொகுத்து யாவரும் எடுத்தாளத் தந்திருக்கிறது. அதில் நீராக இருந்து இன்று நிலமாகியிருக்கும் ஒவ்வொரு புள்ளியும், அதன்மேல் இன்று என்ன வளர்ந்திருந்தாலும், இழந்த நீர் என்ற தனி வகையில் சேர்க்கப்பட்டு, பசுமையின் ஆதாயக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, இழப்பின் கணக்கில் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. இரண்டாவது, கரையோரப் பகுதிகளில் வார்டை அலகாகக் கொள்வதை விடுத்து, குடியிருப்பும் அது தொழில் செய்யும் நீரும் சேர்ந்த பரப்பை அலகாகக் கொள்ள வேண்டும். அந்நீரின் எல்லையை ஊராரோடு அமர்ந்து, அவர்கள் வழங்கும் துறைப்பெயர்களோடு குறிக்க வேண்டும். மூன்றாவது, ஆண்டுச் சராசரியில் அடங்காத நிகழ்ச்சிகளுக்கு ஓர் இடம் வேண்டும். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் படிந்ததும், அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தை அடுத்த கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் எந்த வாழ்க்கைத்தரக் குறியீட்டிலும் எண்ணாகவில்லை. இரவில் நிம்மதியாக உறங்கலாம் என்ற உறுதி வாழ்க்கைத்தரத்தின் பகுதி அல்லவென்றால், எது பகுதி?

இத்திருத்தங்களால் எல்லாம் சீராகிவிடும் என்று சொல்லத் துணியேன். நீர் நீராகவே இருக்கும்போதும் அது செத்துப்போகக் கூடும். அயல்நாட்டிலிருந்து வந்து, காக்கா ஆழி என்று எண்ணூர் மீனவர் பெயரிட்டழைக்கும் சிப்பியினம், அண்மைக் காலத்தில் ஆற்றின் அடிமட்டத்தைக் கம்பளம் விரித்தாற்போல மூடி, இறால் மேயும் சேற்றை மறைத்து, இறங்குவோர் காலைக் கிழிக்கிறது. மேலிருந்து நோக்கும் கருவிக்கு அந்த நீர் நேற்றுப் போலவே இன்றும் தோன்றும். ஆதலால் படத்தின் சாட்சியம் எவ்வளவு நுட்பமானாலும், காலால் இறங்கி அறிந்தவரின் சாட்சியத்துக்கு அது மாற்றாகாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதற்கே இக்கருவிகள் நமக்கு வாய்த்திருக்கின்றன.

இவ்வளவு பிடிவாதமாக ஒரு கணக்குப் படியைப் பற்றி வாதிடுவதற்குக் காரணம் உண்டு. வாழ்க்கைத்தர வரைபடங்கள் ஆய்வேடுகளோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பகுதிக்கு நிதி, எந்தப் பகுதிக்கு ஆலை, எந்தப் பகுதியில் திறந்தவெளி மிகுதி என்ற முடிவுகளுக்கு அவை மேற்கோளாகின்றன. கழிமுகத்தைத் தூர்த்த செயலே அதன் கரையின் மதிப்பெண்ணை உயர்த்துமானால், மேலும் தூர்ப்பதற்கு நம் துறையே ஒரு நியாயத்தைத் தயாரித்துக் கொடுத்ததாகும். அந்த நிலை வராமலிருக்க, இழந்த நீரைக் கணக்கில் சேர்க்காத எந்த மதிப்பெண்ணையும், வடசென்னையின் கரையோர வார்டுகளைப் பொறுத்தவரை, திட்ட முடிவுகளுக்குப் பிரமாணமாக ஏற்கலாகாது என்பதே என் துணிபு. அவ்வார்டுகளுக்குச் சரியான எண் கிடைக்கும்வரை அவற்றை வரைபடத்தில் நிறமிடாமல் விடுவது, பச்சை நிறமிட்டுக் காட்டுவதினும் நேர்மையான செயல்.